ஆல்கீன்கள்: ஒரே இரட்டைப் பிணைப்பு, அத்தனை வினைகள்

ஆல்கீன் பாடத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது வினைகளின் நீண்ட வரிசை. ஹைட்ரஜன் சேர்கிறது, புரோமின் சேர்கிறது, ஹைட்ரஜன் புரோமைடு சேர்கிறது, நீர் சேர்கிறது, பெர்மாங்கனேட் நிறம் இழக்கிறது, ஓசோன் மூலக்கூறைப் பிளக்கிறது, கடைசியில் பாலித்தீன் வருகிறது. மாணவர்கள் பலர் இவற்றைத் தனித்தனிச் சமன்பாடுகளாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் எல்லாம் கலைந்துபோகின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பள்ளிக் கரிம வேதியியலில் இவ்வளவு ஒழுங்காக ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் பாடம் வேறொன்று இல்லை. இந்த வினைகள் அத்தனையும் புறப்படும் இடம் ஒன்றுதான்: இரண்டு கார்பன்களுக்கு இடையே, இறுகப் பிடிக்கப்படாமல் நிற்கும் இரண்டு எலக்ட்ரான்கள்.

அந்த இடத்தை முதலில் பார்ப்போம்.

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட சேர்மங்களில், கார்பன்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பாவது இருந்தால் அது ஆல்கீன். ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு, வளையம் எதுவும் இல்லை என்றால், ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை கார்பன்களைப் போல் சரியாக இரு மடங்காக இருக்கும். ஈத்தீனில் 2 கார்பன், 4 ஹைட்ரஜன். புரோப்பீனில் 3 கார்பன், 6 ஹைட்ரஜன். பெயரிடுவது எளிது. இரட்டைப் பிணைப்பு உள்ள நீண்ட சங்கிலியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிணைப்புக்குச் சிறிய எண் வரும் முனையிலிருந்து எண்ணினால் போதும். பியூட்-1-ஈன் என்றால் முதல் கார்பனில் தொடங்கும் இரட்டைப் பிணைப்பு, பியூட்-2-ஈன் என்றால் இரண்டாவதில் தொடங்குவது.

இரண்டு பிணைப்புகளும் ஒன்றல்ல

இரட்டைப் பிணைப்பை இரண்டு இணைக்கோடுகளாக வரைகிறோம். அந்த வரைபடம் வசதியானது, ஆனால் ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறது. இரண்டு கோடுகளும் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு பிணைப்புகளும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை.

இரட்டைப் பிணைப்பில் உள்ள ஒவ்வொரு கார்பனும் எஸ்பி2 இனக்கலப்பில் இருக்கிறது: அதன் ஓர் எஸ் ஆர்பிட்டாலும் இரண்டு பி ஆர்பிட்டால்களும் கலந்திருக்கின்றன (ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய வெளி). மூன்று கலப்பு ஆர்பிட்டால்கள் ஒரே தளத்தில், ஏறத்தாழ 120 டிகிரி இடைவெளியில் விரிகின்றன. அவற்றில் ஒன்று மற்றக் கார்பனின் ஆர்பிட்டாலுடன் நேருக்கு நேர் மேற்பொருந்துகிறது. இது சிக்மா பிணைப்பு. இதன் எலக்ட்ரான்கள் இரண்டு அணுக்கருக்களையும் இணைக்கும் கோட்டில் இருக்கின்றன. இரு கருக்களும் அவற்றை இறுகப் பிடித்திருக்கின்றன. கலப்பில் சேராமல் மிஞ்சிய பி ஆர்பிட்டால் ஒவ்வொரு கார்பனிலும் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. பக்கத்துக் கார்பனின் பி ஆர்பிட்டாலுடன் அது பக்கவாட்டில்தான் மேற்பொருந்த முடியும். இது பை பிணைப்பு. இதன் எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலேயும் கீழேயும் பரவிக் கிடக்கின்றன.

எண்கள் இதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. கார்பன்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 348 கிலோஜூல் வேண்டும். இரட்டைப் பிணைப்பு இரு மடங்கு வலிமையாக இருந்தால் ஏறக்குறைய 700 வர வேண்டும். வருவதோ 610-ஐ ஒட்டிய அளவுதான். அதாவது பை பிணைப்பின் பங்கு 265 கிலோஜூல் அளவில் நின்றுவிடுகிறது. இரட்டைப் பிணைப்பு முழுவதுமாக ஒற்றைப் பிணைப்பைவிட வலிமையானது, நீளத்திலும் குறுகியது: ஈத்தேனில் 154 பிகோமீட்டர், ஈத்தீனில் 134 பிகோமீட்டர். ஆனால் அதற்குள் இருக்கும் பை பகுதி மட்டும் பலவீனமானது. வலிமையான பிணைப்பு உள்ள ஆல்கீன், ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட ஆல்கேனைவிட ஏன் விரைவாக வினைபுரிகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. வினையில் உடைவது பை மட்டுமே. சிக்மா பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு விளைவும் உண்டு. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிக் கார்பன்கள் சுலபமாகச் சுழலும். இரட்டைப் பிணைப்பில் ஒரு கார்பனைத் திருப்பினால் பி ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று விலகி, பை பிணைப்பே அறுந்துபோகும். அதற்கான ஆற்றல் அறை வெப்பநிலையில் கிடைக்காது. ஆகவே பியூட்-2-ஈனில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒரே பக்கம் இருந்தால் அது சிஸ் மாற்றியம், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ் மாற்றியம். ஒன்று தானாக மற்றொன்றாக மாறாது. சிஸ் வடிவம் 3.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, டிரான்ஸ் 0.9 டிகிரியில். ஒரே அணுக்கள், ஒரே வரிசை, ஆனாலும் இரண்டு தனிச் சேர்மங்கள்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் வேறுபாடு அல்ல. நம் விழித்திரையில் ரெட்டினால் என்ற மூலக்கூறு இருக்கிறது. அதன் 11-வது, 12-வது கார்பன்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு இருட்டில் சிஸ் வடிவில் வளைந்திருக்கிறது. ஒளி பட்டதும், வெப்பத்தால் கிடைக்காத ஆற்றல் ஒளியால் கிடைக்க, அது டிரான்ஸ் வடிவத்துக்குத் திரும்பி நிமிர்கிறது. அந்த வடிவ மாற்றம்தான் நரம்புக்குப் போகும் செய்தியின் தொடக்கம். இதைக் கண்டறிந்த பணிக்காக ஜார்ஜ் வால்ட் 1967-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வரியை நீங்கள் படிக்கும்போதே உங்கள் கண்ணுக்குள் சிஸ் பிணைப்புகள் டிரான்ஸாக மாறிக்கொண்டிருக்கின்றன.

புரோமின் நிறம் ஏன் மறைகிறது

ஆல்கீனைக் கண்டறியப் பள்ளி ஆய்வகத்தில் செய்யும் முதல் சோதனை இது. ஆரஞ்சு நிறப் புரோமின் நீரில் ஈத்தீன் வாயுவைச் செலுத்திக் குலுக்கினால் நிறம் மறைந்துவிடும். ஆல்கேனைச் செலுத்தினால், வெளிச்சம் படாதவரை, நிறம் அப்படியே நிற்கும்.

என்ன நடக்கிறது என்பதை மெதுவாகப் பார்க்கலாம். புரோமின் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்களும் சமம். எந்த முனையிலும் மின்சுமை இல்லை. அது ஈத்தீனை நெருங்கும்போது, வெளியே பரவியிருக்கும் பை எலக்ட்ரான்கள் அருகிலுள்ள புரோமினின் எலக்ட்ரான்களைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. அருகிலுள்ள முனை சற்று நேர்மின் தன்மை அடைகிறது. எலக்ட்ரான் குறைந்த எதுவும் எலக்ட்ரான் மிகுந்த இடத்தை நாடும். அப்படி நாடும் பொருளைத்தான் எலக்ட்ரான் கவர் பொருள் என்கிறோம். பை எலக்ட்ரான்கள் அந்த முனையுடன் பிணைப்பை உண்டாக்குகின்றன. மற்றப் புரோமின் எலக்ட்ரான் இணையை எடுத்துக்கொண்டு புரோமைடு அயனியாக வெளியேறுகிறது.

ஒட்டிக்கொண்ட புரோமின் இரண்டு கார்பன்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு, மூன்று அணுக்கள் கொண்ட ஒரு நேர்மின் வளையமாக நிற்கிறது. இதன் பெயர் புரோமோனியம் அயனி. அடுத்து வரும் புரோமைடு அயனி, ஏற்கெனவே புரோமின் உட்கார்ந்திருக்கும் பக்கமாக வர முடியாது. எதிர்ப் பக்கத்திலிருந்துதான் கார்பனைத் தாக்குகிறது. எனவே இரண்டு புரோமின்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் சேர்கின்றன. ஈத்தீனில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் விளைபொருளில் ஒற்றைப் பிணைப்பு சுழலும். ஆறு கார்பன் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ள வளைய ஹெக்சீனில் செய்து பார்த்தால் டிரான்ஸ் டைபுரோமைடு மட்டுமே கிடைக்கிறது.

இரண்டு படிகளாக நடக்கிறது என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. புரோமின் நீரில் சாதாரண உப்பைக் கரைத்துவிட்டு ஈத்தீனைச் செலுத்துகிறார்கள். 1,2-டைபுரோமோஈத்தேனோடு 1-புரோமோ-2-குளோரோஈத்தேனும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு குளோரின் கொண்ட சேர்மம் கிடைப்பதே இல்லை. முதலில் வர வேண்டியது நேர்மின் தன்மையுள்ள புரோமின். குளோரைடு அயனியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. இரண்டாவது படியில் மட்டும், எதிர்மின் அயனி எது அருகில் இருக்கிறதோ அது வந்து சேர்கிறது. நீர் மூலக்கூறும் சேரலாம். உண்மையில், நீர்த்த புரோமின் நீரில் எங்கும் நிறைந்திருப்பது நீர்தான் என்பதால் 2-புரோமோஎத்தனால் தாராளமாக உண்டாகிறது. பாடப்புத்தகத்தில் டைபுரோமைடு மட்டும் எழுதியிருப்பது கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பானுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும்.

மார்கோனிகாஃப் சொன்னதும், அதற்குக் காரணமும்

ஈத்தீன் சமச்சீரானது, எந்தக் கார்பனில் எது சேர்ந்தாலும் ஒன்றுதான். புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்க்கும்போதுதான் கேள்வி எழுகிறது. ஹைட்ரஜன் முனைக் கார்பனுக்குப் போகுமா, நடுக் கார்பனுக்குப் போகுமா? கிடைப்பது 2-புரோமோபுரோப்பேனா, 1-புரோமோபுரோப்பேனா?

ரஷ்ய வேதியியலாளர் விளாதிமிர் மார்கோனிகாஃப் 1870-ஐ ஒட்டி இதற்கு ஒரு விதி வகுத்தார்: அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும். அதன்படி 2-புரோமோபுரோப்பேன் முதன்மை விளைபொருள். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே, விளைபொருள்களைப் பார்த்து மட்டும் அவர் இதைச் சொன்னார். அது பெரிய சாதனை. ஆனால் நமக்கு இன்று காரணம் தெரியும். தெரிந்தும் விதியை மட்டும் மனப்பாடம் செய்வது வீண்.

காரணம் இது. பை எலக்ட்ரான்கள் முதலில் ஹைட்ரஜன் புரோமைடின் ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் ஒட்டுகிறதோ அதற்கு அடுத்த கார்பன் எலக்ட்ரான் இணையை இழந்து நேர்மின் சுமை தாங்குகிறது. அதுதான் கார்பன் நேரயனி. ஹைட்ரஜன் முனையில் ஒட்டினால் சுமை நடுக் கார்பனில் விழும். அதன் இருபுறமும் மெத்தில் தொகுதிகள் இருக்கும். ஹைட்ரஜன் நடுவில் ஒட்டினால் சுமை முனைக் கார்பனில் விழும். அதற்குத் துணை ஒரே ஓர் எத்தில் தொகுதி. மெத்தில், எத்தில் போன்ற ஆல்கைல் தொகுதிகள் எலக்ட்ரானைச் சற்றுத் தள்ளிக் கொடுத்து நேர்மின் சுமையின் கடுமையைக் குறைக்கின்றன. இரண்டு தொகுதிகள் தாங்கும் ஈரிணைய நேரயனி, ஒரு தொகுதி மட்டும் தாங்கும் ஓரிணைய நேரயனியைவிட நிலையானது. மூன்று தொகுதிகள் சூழ்ந்த மூவிணைய நேரயனி இன்னும் நிலையானது. நிலையான நேரயனிக்குப் போகும் பாதையில் ஏற வேண்டிய ஆற்றல் மேடு குறைவு. வினை அந்தப் பாதையில் விரைவாக நடக்கிறது. அதன் பிறகு புரோமைடு அயனி வந்து நேர்மின் கார்பனில் சேர்கிறது.

விதியைவிடக் காரணம் ஏன் மேலானது என்பதை ஓர் உதாரணம் காட்டிவிடும். புரோப்பீனின் மெத்தில் தொகுதியிலுள்ள மூன்று ஹைட்ரஜன்களையும் புளோரின்களாக மாற்றிவிடுங்கள். கிடைப்பது 3,3,3-டிரைபுளோரோபுரோப்பீன். முனைக் கார்பனில் இப்போதும் ஹைட்ரஜன் அதிகம். விதியை எழுத்துக்கு எழுத்து நம்பினால் ஹைட்ரஜன் அங்கேதான் போக வேண்டும். ஆனால் புளோரின்கள் எலக்ட்ரானைத் தங்கள் பக்கம் பலமாக இழுக்கின்றன. அவற்றை ஒட்டிய நடுக் கார்பனில் நேர்மின் சுமை வந்தால் நிலைமை மோசமாகும். ஆகவே ஹைட்ரஜன் நடுக் கார்பனுக்குப் போய், சுமையைத் தொலைவிலுள்ள முனையில் விட்டுவிடுகிறது. விதி தலைகீழாகிறது, காரணம் அப்படியே நிற்கிறது.

நீர் சேரும் வினையும் இதே கதைதான். அமிலம் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது, நேரயனி உண்டாகிறது, அதில் நீர் வந்து சேர்கிறது. புரோப்பீன் புரோப்பன்-2-ஆல் ஆகிறது. தொழிற்சாலைகளில் ஈத்தீனையும் நீராவியையும் சுமார் 300 டிகிரியில், உயர் அழுத்தத்தில், பாஸ்பாரிக் அமில வினையூக்கியின் மேல் செலுத்தி எத்தனால் தயாரிக்கிறார்கள். இந்த வினை மீள்வினை. எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் 170 டிகிரிக்குச் சூடாக்கினால் நீர் வெளியேறி ஈத்தீன் திரும்பக் கிடைக்கிறது. ஆய்வகத்தில் ஈத்தீன் தயாரிக்கும் முறையே அதுதான். வெப்பநிலை 140 டிகிரியில் நின்றுவிட்டால் ஈதர்தான் முக்கியமாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் இடம்.

1933: ஆக்சிஜன் செய்த இரண்டு வேலைகள்

ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினை வெகுகாலம் வேதியியலாளர்களைக் குழப்பியது. ஒரே ஆல்கீன், ஒரே வினைபொருள். ஒருவருக்கு மார்கோனிகாஃப் விளைபொருள் வந்தது, இன்னொருவருக்கு அதற்கு நேர்மாறானது வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் கராஷும் மேயோவும் 1933-ல் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். காற்றுப் பட்டுக் கிடந்த ஆல்கீனில் ஆக்சிஜன் சேர்ந்து மிகச் சிறிய அளவில் பெராக்சைடு உண்டாகியிருந்தது. அந்தச் சொற்ப அளவே வினையின் திசையை மாற்றப் போதுமானதாக இருந்தது.

பெராக்சைடில் ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு பலவீனமானது. அது நடுவே அறுந்து, ஒவ்வொரு துண்டும் ஓர் இணைசேரா எலக்ட்ரானோடு நிற்கும் தனி உறுப்பாகிறது. அது ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, புரோமின் தனி உறுப்பை விடுவிக்கிறது. கவனியுங்கள்: இப்போது ஆல்கீனை முதலில் தொடுவது ஹைட்ரஜன் அல்ல, புரோமின். அது முனைக் கார்பனில் ஒட்டினால், இணைசேரா எலக்ட்ரான் நடுக் கார்பனில் நிற்கும். கார்பன் தனி உறுப்புகளிலும் ஈரிணையமே ஓரிணையத்தைவிட நிலையானது. பிறகு அந்தக் கார்பன் இன்னொரு ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. புதிய புரோமின் தனி உறுப்பு பிறந்து சங்கிலி தொடர்கிறது. விளைபொருள் 1-புரோமோபுரோப்பேன். நிலையான இடைநிலையைத் தேடும் குணம் இரண்டு வழிகளிலும் ஒன்றுதான். முதலில் யார் வருகிறார்கள் என்பது மட்டுமே மாறியது.

பெராக்சைடு விளைவு ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும் பொருந்தும் என்று படித்திருப்பீர்கள். காரணம் சங்கிலியின் இரண்டு படிகளில் இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு மோலுக்கு 431 கிலோஜூல் வலிமை உடையது. கார்பன் தனி உறுப்பால் அதிலிருந்து ஹைட்ரஜனை எளிதில் பறிக்க முடியாது. ஹைட்ரஜன் அயோடைடின் பிணைப்பு 298 தான், அது சுலபமாக உடையும். ஆனால் பிறக்கும் அயோடின் தனி உறுப்புக்கு இரட்டைப் பிணைப்பில் சேரும் ஆற்றல் இல்லை. 366 கிலோஜூலோடு நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் புரோமைடில் மட்டும் இரண்டு படிகளும் தடையின்றி நடக்கின்றன.

அதே 1933-ல் இங்கிலாந்தில், ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கிப்சனும் ஃபாசெட்டும் ஈத்தீனையும் பென்சால்டிஹைடையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வினைபுரிய வைக்க முயன்றார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கலனில் மெழுகு போன்ற வெண்மையான திடப்பொருள் சிறிதளவு ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். மறுபடி செய்தபோது ஒழுங்காக வரவில்லை. ஈத்தீனில் தற்செயலாகக் கலந்திருந்த சொற்ப ஆக்சிஜனே வினையைத் தொடங்கிவைத்தது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. தனி உறுப்பு ஒன்று ஈத்தீனில் ஒட்டுகிறது, இணைசேரா எலக்ட்ரான் மறுமுனைக் கார்பனுக்குப் போகிறது, அந்தக் கார்பன் அடுத்த ஈத்தீனைப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் தர யாரும் இல்லாததால் சங்கிலி ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு நீள்கிறது. பின்னர் 1953-ல் கார்ல் சீக்லர் உலோக வினையூக்கிகளைக் கொண்டு குறைந்த அழுத்தத்திலேயே பாலித்தீன் தயாரித்தார். கியூலியோ நாட்டா அதைப் புரோப்பீனுக்கு விரிவாக்கினார். இருவருக்கும் 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்ற வினைகள்

ஹைட்ரஜன் சேர்வதற்கு நிக்கல், பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகப் பரப்பு வேண்டும். ஹைட்ரஜனும் ஆல்கீனும் பரப்பில் ஒட்டிக்கொள்வதால் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கத்திலிருந்து சேர்கின்றன, புரோமினுக்கு நேர்மாறு. பால் சபாத்தியே இந்த முறைக்காக 1912-ல் நோபல் பரிசு பெற்றார். வெளியாகும் வெப்பத்தை அளந்தால் ஆல்கீன்களின் நிலைத்தன்மையையும் ஒப்பிடலாம். சிஸ் பியூட்-2-ஈன் மோலுக்கு 120 கிலோஜூல் வெளியிடுகிறது, டிரான்ஸ் 116. இரண்டும் ஒரே பியூட்டேனாகத்தான் முடிகின்றன. ஆகவே டிரான்ஸ் தொடக்கத்திலேயே 4 கிலோஜூல் கீழே, அதாவது நிலையாக, இருந்திருக்கிறது.

குளிர்ந்த, நீர்த்த, காரத்தன்மையுள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலுக்குப் பேயர் காரணி என்று பெயர். ஆல்கீனுடன் சேர்ந்தால் அதன் ஊதா நிறம் மறைந்து, பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடு படிகிறது. இரண்டு கார்பன்களிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் வருகின்றன. ஆல்டிஹைடுகளும் இந்த நிறத்தைப் போக்கும் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது. புரோமின் நீரோடு சேர்த்துப் பார்ப்பதே நல்லது. பென்சீனை மூன்று இரட்டைப் பிணைப்புகளோடு வரைகிறோம். ஆனாலும் அது இரண்டு சோதனைகளிலும் அசையாது. அதன் பை எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பகிரப்பட்டு நிலைபெற்றிருப்பதே காரணம்.

ஓசோன் மட்டும் வேறு வகை. இங்கே சிக்மா பிணைப்பும் தப்புவதில்லை. ஓசோன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து ஓசோனைடு ஆகிறது. அதைத் துத்தநாகத் தூளும் நீரும் கொண்டு உடைத்தால், இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் அமர்கிறது. தெரியாத ஆல்கீனைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி பள்ளிப் பாடத்தில் கிடையாது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஓர் ஆல்கீனில் 5 கார்பன், 10 ஹைட்ரஜன். ஓசோனால் பிளந்தபோது எத்தனாலும் புரோப்பனோனும் (அசிட்டோன்) கிடைத்தன என்கிறது வினாத்தாள். இங்கே எத்தனால் என்று ஆல்கஹாலை எண்ணிவிடாதீர்கள். கிடைப்பது அசிட்டால்டிஹைடு, இரண்டு கார்பன் கொண்ட ஆல்டிஹைடு. அதன் ஆக்சிஜனையும் புரோப்பனோனின் ஆக்சிஜனையும் நீக்கிவிட்டு, அந்த இரு கார்பன்களையும் இரட்டைப் பிணைப்பால் இணையுங்கள். ஒரு பக்கம் ஒரு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும், மறுபக்கம் இரண்டு மெத்தில்களும். சேர்மம் 2-மெத்தில்பியூட்-2-ஈன். இதற்குச் சிஸ், டிரான்ஸ் வடிவங்கள் இல்லை, ஏனென்றால் ஒரு கார்பனில் இரண்டு தொகுதிகளும் ஒன்றே. ஹைட்ரஜன் புரோமைடு சேர்த்தால் நேர்மின் சுமை மூவிணையக் கார்பனில் விழும், 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் வரும். பெராக்சைடு இருந்தால் புரோமின் அடுத்த கார்பனுக்குப் போய் 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் ஆகும். அடுத்ததை நீங்களே செய்யலாம்: ஓசோனால் பிளந்தபோது புரோப்பனோன் மட்டுமே கிடைத்தது, மூலக்கூறில் 6 கார்பன், அந்த ஆல்கீனை வரைந்து, பெராக்சைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹைட்ரஜன் புரோமைடு அதில் ஒரே விளைபொருளைத் தருவது ஏன் என்று எழுதுங்கள்.